மேல் தட்டில் மாமியார்

மனிதன் மடிகிறான், அவன் தோல் மடிவதில்லை.

இந்த வாக்கியத்தைத் திசு வங்கியின் இயக்குநர் எந்த மேடையில் சொன்னாலும் 'மடிகிறான்' என்பதற்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த இடைவெளியில் அவையோர் தத்தம் சாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலோர் திரும்பி வந்து கைதட்டவும் செய்தார்கள். அவருடைய மாமியார் ஒருவர்தான், முதல் தடவை கேட்டபோதே முழங்கையை நீட்டிக் காட்டி, "எது மடியலைங்கிறீங்க மாப்பிள்ளை? இதப் பாருங்க, பெட்டியில வச்ச பழைய துணி மாதிரி மடிஞ்சு மடிஞ்சு கிடக்கு" என்றார்.

அந்த வாக்கியத்தில் வேறொரு குறையும் இருந்தது. இறந்தவரின் முதுகிலிருந்தும் தொடையிலிருந்தும் வெங்காயச் சருகின் கனத்துக்குச் சீவி எடுக்கிற தோல், தீப்பட்டவர் உடம்பில் என்றென்றைக்கும் ஒட்டியிருப்பதில்லை. சில வாரம் மூடிக் காக்கும். வலியைக் குறைக்கும், கிருமியை அண்டவிடாது. அடியில் சொந்தத் தோலுக்கு வழி பிறந்ததும் உதிர்ந்துவிடும். விருந்துக்கு வந்த இடத்தில் வீட்டு வேலையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கிளம்பும் உறவினர் மாதிரி. இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. ஆனால் மேடையில் போய் 'உதிர்ந்துவிடும்' என்று சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

வங்கி என்று பெயரே ஒழிய, மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அது இரண்டே அறை. முன்னறையில் மேஜை, கழுவுதொட்டி, பின்னறை தெரிய ஒரு கண்ணாடிச் சுவர். பின்னறையில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ரீசர். பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி. உள்ளே தட்டுத் தட்டாக, தகட்டுப் பெட்டிகளில், எண் மட்டும் ஒட்டிய பொட்டலங்கள். அதன் கதவைத் திறந்தால் வெண்புகை மெல்ல வழிந்து தரையில் இறங்கி, வந்திருப்பவர்களின் கால்களைத் தழுவும். அந்தப் புகைக்கு நடுவே இயக்குநர் தடித்த நீலக் கையுறையோடு நிற்கும்போது, இன்னும் சற்று நேரத்தில் வரம் கொடுக்கப் போகிறவர் போலவே இருப்பார். வங்கிக்குள் அவருக்குப் 'புகை டாக்டர்' என்று பெயர். அது ஒருமுறை காதில் விழுந்து, தாம் சிகரெட்டைக் கையாலும் தொட்டதில்லை என்று அடுத்த ஊழியர் கூட்டத்தில் நெடிய தன்னிலை விளக்கம் கொடுத்தார்.

பார்வையாளர் வராத வாரம் அவருக்கு வாரமாகவே தோன்றாது. வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, 'அவர்களே' 'அவர்களே' என்று ஒவ்வொருவராக விளித்து முடித்து, பிறகு அந்த வாக்கியத்துக்கு வருவார். ஃப்ரீசருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. உள்ளே சூடு ஏறினால் மணி அடிக்கும். உரை சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அடிக்கும். மணியை அமுக்கி வைக்க ஒரு பொத்தான் உண்டு என்பதை இயக்குநர் தாமாகவே கண்டுபிடித்திருந்தார். அவருடைய பணிக்காலத்தில் அவர் செய்த சொந்தக் கண்டுபிடிப்பு அது ஒன்றுதான்.

வீட்டிலும் இதே வியாதி. ஃப்ரிட்ஜைத் திறந்தார் என்றால், எதற்குத் திறந்தோம் என்பது நினைவுக்கு வரும்வரை அதன் முன்னால் நிற்பார். இடுப்பெலும்பு முறிந்து மகளோடு வந்து தங்கியிருந்த மாமியார், தன் நாற்காலியிலிருந்தே கவனித்துக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் பள்ளி நடத்தியவர். எழுத்து தப்பினால் ஓசையிலேயே கண்டுபிடிக்கிற காது.

"ஃப்ரிட்ஜு முன்னாடி நின்னு தியானம் பண்ற ஒரே மனுஷன் நீங்கதான் மாப்பிள்ளை. அதுக்கு வேர்க்குது. சாத்துங்க."

"அத்தை, குளிர்ல வைக்கிறதைப் பத்தி எனக்கா சொல்லித் தர்றீங்க?"

"உங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது? பாலுக்குத்தான் சொல்றேன், திரியாதேன்னு."

தானத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசியவர், தன் வீட்டில் யாரையும் கேட்டதில்லை. மாமியார்தான் ஒரு நாள் தானே எடுத்துச் சொன்னார். "நான் போனப்புறம் உங்க கடைக்கே எடுத்துக்குங்க. உசிரோட இருக்கிறப்ப யாரோடயும் ஒட்டிப் போகல. செத்தாவது யார் மேலயாவது ஒட்டிப் பாக்கிறேன்." மாப்பிள்ளை சிரித்ததும், மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சிரிக்காமல் சொன்னார். "எடுத்தா வீணடிக்கக் கூடாது. ஒரு தாளக்கூட ரெண்டு பக்கமும் அடிக்காம தூக்கிப் போட்டவ இல்ல நான்."

அவர் போனபோது மகள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். வெளியூரிலிருந்த தம்பி போனில் கத்தினான். "பெத்த தாயை உரிக்கப் போறியாக்கா?" "உரிக்கலடா, குடுக்கிறோம். அம்மா கேட்டது" என்று அழுதுகொண்டே, ஆனால் அசையாமல் சொன்னாள். தம்பி வந்து பார்த்து, அம்மா முகம் அம்மா முகமாகவே இருந்ததைக் கண்டு அடங்கினான். ஆனாலும் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போனான். "சரி, யாருக்காவது போய்ச் சேந்தாச் சொல்லு."

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் கவலை. கிருமிச் சோதனைகளெல்லாம் முடிந்து நல்லபடி என்று தெரியும்வரை எதையும் வெளியே விடமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கணவர் செருப்பைக் கழற்றுமுன் கேட்டுவிடுவாள். "அம்மா கிளம்பியாச்சா?"

"இன்னும் இல்ல. பத்திரமா இருக்காங்க."

பத்திரமாகத்தான் இருந்தார், மேல் தட்டில். புதிதாக வருவதைக் கீழே பின்வரிசையில் வைப்பதுதான் வழக்கம். இயக்குநர் தாமே அந்தப் பெட்டியை எடுத்து மேல் தட்டின் முன்விளிம்புக்கு மாற்றியிருந்தார். யாருடையது எது என்று யாரும் அறியக் கூடாது என்ற விதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்த எண்ணை மனப்பாடம் செய்திருந்தவரும் அவர்தான். இப்போது உரையில் ஒரு புதிய கட்டம் சேர்ந்திருந்தது. 'மடிவதில்லை' என்று முடித்ததும், கையுறைக் கையால் அந்தப் பெட்டியை எடுத்து உயர்த்திப் பிடித்து, "இதைப் பிறருக்குச் சொல்லத்தான் வந்தேன் என்று நினைக்காதீர்கள். என் வீட்டிலிருந்தும் ஒருவர் இங்கே இருக்கிறார்" என்பார். குரல் தானாகவே கம்மும். உயிரோடு இருந்தவரை ஒரே வீட்டில் ஒரே சோபாவில் உட்கார மறுத்தவரை, அவர் இப்போது நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். அறங்காவலர் குழுவின் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோ சரியாக விழவில்லை என்று இயக்குநர் இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார்.

சோதனைகள் தேறிய மறுவாரம், தீக்காயப் பிரிவு சர்ஜன் கீழ்த்தளத்துக்குப் போன் போட்டார். ஒரு ரொட்டிக்காரர். சூளையிலிருந்து தீ பாய்ந்து முதுகு முழுக்க வெந்திருந்தது. நாளைக் காலை மூடியாக வேண்டும்.

"உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"

"தாராளமா இருக்கு" என்றார் இயக்குநர். போனை வைத்ததும் வைக்காததுமாக வீட்டுக்குப் போட்டார். "இன்னைக்கு அம்மா கிளம்புறாங்க."

மறுமுனையில் மனைவி, "நிஜமாவா? இருங்க, தம்பிக்குச் சொல்லிடறேன்" என்றாள்.

பின்னறையில் மப்ளர் மேடம் இருந்தார். தரக் கட்டுப்பாட்டு அலுவலர். வருஷம் முழுக்க ஜலதோஷம், கழுத்தில் மப்ளர். எதையும் நம்பமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவர். அப்படி ஒரு நாள் போனபோது நிஜமாகவே பூட்டியிருக்கவில்லை. அதிலிருந்து அந்தப் பழக்கத்தைக் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டார்.

"மேல் தட்டு கிடையாது சார்" என்றார்.

"கிடையாதுன்னா?"

"காலைலயே நிறுத்தி வச்சுட்டேன். வெளிய விட முடியாது. சூடாகி, மறுபடி உறைஞ்சு, மறுபடி சூடாகியிருக்கு." ஃப்ரீசர் தானே வரைந்து வைத்திருந்த வெப்பநிலைக் கோட்டைத் திரையில் காட்டினார். தரையோடு தரையாக ஓடிய கோடு அங்கங்கே எழும்பி எழும்பி இறங்கியிருந்தது. "இந்த மலை அறங்காவலர் குழு. இது காலேஜ் பிள்ளைங்க. இந்த ரெட்டை மலை, போட்டோ சரியா வரலைன்னு திரும்ப எடுத்தீங்களே, அது."

"மணி அடிச்சிருக்கணுமே."

"அடிச்சது சார். அமுக்குனீங்க."

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இயக்குநர் விலக்குக் கொடுத்து வெளிய விடலாம்னு விதி இருக்கில்ல?"

"இருக்கு. கையெழுத்துப் போடுங்க. கீழே காரணம்னு ஒரு இடம் விட்டிருக்காங்க, அதையும் எழுதிடுங்க." மப்ளர் மேடம் மூக்கை உறிஞ்சினார். "இது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது சார். தெரியவும் கூடாது. ஆனா வாசல்ல நிக்கிற செக்யூரிட்டியே 'சாரோட மாமியார் தட்டு'ன்னுதான் சொல்றார்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். காரணம் என்று எதை எழுதுவது? உருகி உறைந்தால் பனி ஊசியாகி உயிரணுவைக் கிழித்துவிடும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவரே ஆண்டுதோறும் வகுப்பில் படம் போட்டு நடத்துகிற பாடம். கிழிந்த தோலை ரொட்டிக்காரர் முதுகில் போர்த்தினால் அது பிடிக்காது. பிடிக்காத இடத்தில் சீழ் வைக்கும். மனைவியின் குரல் காதில் இருந்தது: 'நிஜமாவா?' யாரோ முன்பின் அறியாதவரின் தோலாக இருந்தால் இந்தப் பேனாவைத் திறந்தே இருக்கமாட்டேன் என்று தோன்றியது. அதைத் தொடர்ந்து இன்னொன்றும் தோன்றியது: முன்பின் அறியாதவரின் தோலாக இருந்திருந்தால், அது கீழ்த் தட்டில் பின்வரிசையில் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லோரையும் ஒன்றுபோல் கீழே வைத்தவர், ஒருவருக்கு மட்டும் மரியாதை செய்யப் போய் அவரைக் கெடுத்திருந்தார்.

பேனாவை மூடினார்.

கீழ்த் தட்டுகளில் இருந்தது பாதி முதுகுக்குத்தான் வந்தது. மீதிக்கு வேறு ஊர் வங்கியைக் கேட்க வேண்டும். அதன் தலைவர் அவரோடு படித்தவர். படிக்கிற காலத்திலிருந்தே இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"என்னப்பா, உங்க பேங்க்தான் தினம் பேப்பர்ல வருதே" என்றார் அவர். "எங்கிட்டப் போய்க் கேக்கறே?"

"வருது. அதான் கேக்கறேன்."

எதிர்முனையில் அவர், "எங்ககிட்ட புகை கிகை ஒண்ணும் கிடையாது. ஸ்டோர் ரூமுக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்கு. அதுல தோல் இருக்கு. வண்டி அனுப்பு" என்றார்.

வண்டி போய் வந்தது. மறுநாள் காலை ரொட்டிக்காரரின் முதுகு மூடப்பட்டது. நல்லபடியாகவே மூடப்பட்டது.

அன்று மாலை மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "அந்த மனுஷன் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்." அன்றைக்கு அவர் சொன்னதில் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

"அம்மா ஒட்டிக்கிட்டாங்களா?"

"ம்."

'ம்' என்பதற்கு ஆமாம் என்றும் பொருள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றும் பொருள். அவள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். தம்பி போனில் அழுதான் என்றாள். ஆள் யாரென்று சொல்லக் கூடாது என்பது தெரியும், ஆனால் என்றைக்காவது அந்த ரொட்டிக்கடை வழியாகப் போனால் ஒரு ரொட்டி வாங்கிக்கொள்ளலாமா என்றாள். ரொட்டிக்காரர் என்று முந்தின நாள் போனில் உளறியதும் அவர்தான். அதற்கும் 'ம்' என்றார்.

'ம்' எத்தனை நாள் தாங்கும்? வாரம் திரும்புவதற்குள் மப்ளர் மேடம் அவர் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம்னு விதியே இல்ல நம்மகிட்ட. மணி அடிக்கிறது உள்காத்தோட சூட்டுக்கு. பொட்டலத்துக்குள்ள என்ன ஆகுதுன்னு யாரும் அளந்ததே இல்ல. நிறுத்தி வச்சிருக்கோமே, அதுக்குள்ள சூடு அளக்கிற கம்பி செருகிச் சோதிச்சுப் பாத்துடலாம். எப்படியும் எரிக்கத்தான் போறோம்."

"பாருங்களேன்."

"குடும்பத்தைக் கேக்கணும் சார். சிகிச்சைக்குன்னுதான் சம்மதம் வாங்கியிருக்கு. சோதனைக்குத் தனியாக் கேக்கணும். சட்டம்." அவர் மப்ளரை இறுக்கிக்கொண்டார். "நான் போன் பண்ணவா, இல்ல நீங்களே கேட்டுக்கறீங்களா?"

மாலையில் மனைவி அடுக்களையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் எடுப்பதுபோல் ஃப்ரிட்ஜைத் திறந்து, அதற்குள் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். தக்காளியிடம் சொல்வதுபோல இருந்தது. பாத்திரத்தின் ஓசை நின்றிருந்தது.

"எந்தத் தட்டு?" என்றாள் கடைசியில்.

"மேல் தட்டு."

"யார் வச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"எடுத்துக் காட்ட வசதியா இருந்துச்சு."

"எடுத்துக் காட்ட." அவள் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இடுப்பு ஒடிஞ்சவளைப் பரண் மேல ஏத்தி வச்சிருக்கீங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் இறக்கி இறக்கிக் காட்டியிருக்கீங்க. உசிரோட இருந்தப்ப ஒரு நாள், 'இவங்கதான் என் மாமியார்'னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"தம்பிகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நான் சொல்றேன்."

"நீங்கதான் சொல்லணும்." அவள் அவரைத் தாண்டிக் கையை நீட்டி ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினாள். சத்தம் வரச் சாத்தவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் உறைத்தது. பிறகு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சோதனைன்னா, கதவைத் திறந்து வச்சா அம்மாவுக்கு எவ்வளவு நேரத்துல சூடாகுதுன்னு பாக்கிறது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அம்மா இத்தனை வருஷமா வாயால சொன்னதை அளந்து பாக்கப் போறீங்க." அவள் சிரிக்கவில்லை. ஆனால் முகம் எங்கோ ஒரு மூலையில் இளகியிருந்தது. "சரி, சம்மதம். தாளோட ரெண்டாவது பக்கம்னு வச்சுக்கறேன். ஆனா சும்மா கதவைத் திறந்து வச்சுப் பாக்கக் கூடாது. வழக்கமா எப்படியோ அப்படியே நடக்கணும். நீங்க நிக்கணும், முழு உரையும் பேசணும். மணியை அமுக்கக் கூடாது. நான் வந்து பாப்பேன்."

அவர் தம்பிக்கும் அன்றே போன் செய்தார். அந்தப் பேச்சு சுருக்கமாக முடிந்தது. பேசியதில் பெரும்பகுதி தம்பியுடையது.

சோதனை அன்று, கிருமிச் சோதனை முடியாமல் மீதியிருந்த பொட்டலங்களை உலர்பனிக்கட்டி நிரப்பிய ஒரு பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். மேல் தட்டின் முன்விளிம்பில் மாமியார் மட்டும் இருந்தார். பொட்டலத்திலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வெளியே வந்து மப்ளர் மேடத்தின் திரைக்குப் போயிற்று. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வழக்கமா எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே சார்" என்றார் மப்ளர் மேடம்.

அவர் கதவைத் திறந்தார். புகை வழிந்து இறங்கியது. தழுவுவதற்கு அவர் கால்களைத் தவிர வேறு கால்கள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மதிப்பிற்குரிய" என்று தொடங்கினார். அடுத்து வரவேண்டிய தலைவர் இல்லை. குழு இல்லை. போட்டோ எடுப்பவர் இல்லை. பழக்கப்பட்ட வாய் அந்தச் சொல்லில் அப்படியே மாட்டிக்கொண்டு நின்றது. தகட்டுப் பெட்டியில் மெல்ல வெண்பனி பூத்தது. அந்தப் பெட்டியை அத்தனை தடவை உயர்த்திப் பிடித்தவர், இப்போதுதான் அதை நேருக்கு நேர் பார்த்தார்.

"மதிப்பிற்குரிய அத்தை அவர்களே" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் தொடர்ந்தார். மதிப்பிற்குரிய தரக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களே. கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் என் துணைவியார் அவர்களே. இங்கே வர இயலாத மைத்துனர் அவர்களே. மேலே மூன்றாவது தளத்தில், யாரோ எவரோ தந்த தோலுக்கு அடியில் குப்புறப் படுத்திருக்கும் ரொட்டிக்காரர் அவர்களே. உங்கள் அனைவருக்கும் என்—

மணி அடித்தது.

மப்ளர் மேடம் திரையைப் பார்த்துவிட்டு, பொட்டலத்துக்குள்ளும் சூடு வரம்பைத் தாண்டிவிட்டது என்றார். கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்று அந்த வாரம் ஃப்ரீசரில் ஒட்டப்பட்ட விதி இந்தச் சோதனையைக் கொண்டே எழுதப்பட்டது. மணி அடித்தபோது இயக்குநர் இன்னும் வணக்கம் சொல்லி முடித்திருக்கவில்லை.